வாட்டிய இறைச்சி நூறு கிராம்

என் உடம்பு எத்தனை கிலோ என்பது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இப்படி ஒரு கேவலம் வேறு எந்தப் பொம்பளைக்கும் வந்திருக்காது. தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வருகிற ரப்பர் தோட்டம் எங்களுடையது. அங்கே பால் ஸ்டோரில், ரப்பர் மரத்தைக் கீறி வெட்டிக் கொண்டுவருகிற பாலை வாளியோடு தூக்கி வைக்கிற பெரிய தராசு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதில் என்னை ஏற்றி எடை பார்ப்பார் என் வீட்டுக்காரர் மூக்கையா. அந்த ஸ்டோரில் பால் நிறுக்கிறவர் அவர்தான். பெயரைக் கேட்டுக் கிழவர் என்று நினைக்க வேண்டாம், தாத்தாவின் பெயரை வைத்துவிட்டார்கள்.

"எம்பத்தஞ்சரை" என்பார். போன சனிக்கிழமையும் எண்பத்தைந்தரைதான்.

வாளியோடு வரிசையில் நிற்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். நான் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, என் வாளியையும் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு நடப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது என்பதால் மூடிக்கொண்டு போவேன்.

இவ்வளவும் என் தம்பி சசிக்காக.

அவனுக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றான். கால் வீங்குகிறது என்று ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ஏன் போனது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவான். வந்து அம்மா வீட்டு இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், சுருண்டு படுத்தால் விடியும்வரை எழும்ப மாட்டான். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வெயில் நாளில் ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவன் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கடவுளையே பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல வரும்.

எங்கள் அம்மா தங்கம்மாவுக்குச் சீனி வியாதி, அவளால் கிட்னி கொடுக்க முடியாது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நான்தான். ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், எல்லாம் ஒத்துவந்தது. கொழும்பு ஆஸ்பத்திரி டாக்டர் மாத்தயா நல்ல மனுசன். அக்காவின் கிட்னி தம்பிக்கு அச்சாகப் பொருந்தும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நங்கி, பர வெடி" என்றார். தங்கச்சி, எடை கூட என்று சிங்களத்தில் சொன்னார். இப்படியே என்னை வெட்டினால் எனக்குத்தான் ஆபத்தாம். ஒன்றைக் கொடுத்துவிட்டு இந்த உடம்போடு இருந்தால் எனக்கும் சீனி வந்து, மிச்சமிருக்கிற ஒன்றும் போகுமாம். எழுபத்தைந்துக்கு இறங்கினால் அன்றைக்கே ஆபரேஷனுக்குத் தேதி தருகிறேன் என்றார்.

நான் அப்போது எண்பத்தாறு. பதினொரு கிலோ சதைக்கு ஒரு உயிர் என்றால் அது பெரிய பேரமா. கத்தியைக் கொடுத்திருந்தால் அங்கேயே அறுத்து வைத்திருப்பேன்.

டாக்டர் என்னைச் சாப்பாட்டு நர்ஸிடம் அனுப்பினார். நூரியா மிஸ்ஸி. முக்காடு போட்ட சின்னப் பெண், வாய் நிறைய முஸ்லிம் ஆட்களின் தமிழ், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்பாள், ‘சொல்லு’ என்பதைச் ‘செல்லு’ என்பாள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் எத்தனை கிராம், அதில் எத்தனை கலோரி என்று அச்சடித்த அட்டை ஒன்றைத் தந்தாள். கலோரி என்றால் உடம்பு எரிக்கிற விறகு மாதிரி, கூடப் போட்டால் மிச்சம் கொழுப்பாய்ச் சேரும் என்று விளங்கப்படுத்தினாள்.

"சோத்த நல்லாக் கொறைங்க அக்கா. மாவு, சீனி வேணாம். ஆனா பட்டினி கிடக்கப்படாது. ரத்தம் கொறஞ்சா டாக்டர் எடுக்க மாட்டாரு. கொழுப்பில்லாத எறைச்சி கட்டாயம். பகலைக்கு நூறு கிராம், ராவைக்கு நூறு கிராம். அட்டையில ஈக்கிற மாதிரியே நிறுத்துச் சாப்புடுங்க."

நிறுப்பதற்கா எங்கள் வீட்டில் ஆள் இல்லை. மூக்கையா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அன்றைக்கே தெஹியோவிட்ட கடையில் போய், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கிவந்தார். எனக்கு அந்த மனுசனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பொண்டாட்டியை வெட்டி மச்சானுக்குக் கொடுக்கச் சம்மதிக்கிற புருஷன்மார் எத்தனை பேர் இருக்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சசியைத்தான் அவர் தூக்கி வளர்த்தார்.

இறைச்சிக்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. கோழி விற்கிற விலைக்குத் தினமும் இரண்டு வேளை வாங்க நாங்கள் என்ன தொரை வீடா. கீழ் கிராமத்துச் சிங்கள ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பன்றி அடித்து, வாழை இலையில் கூறு போட்டுக் கொடுப்பார்கள். வயலையும் மரவள்ளியையும் கிண்டிப்போடுகிற பன்றிதான், கொழுப்பே இருக்காது. விலையும் பாதி. மூக்கையா ஒரு வாரத்துக்குத் தேவையானதை வாங்கிவந்தார். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு வாரத்துக்கு இறைச்சியை எப்படி வைப்பது என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். உப்பும் மஞ்சளும் புளிப்புக்குக் கொறுக்காப்புளியும் தடவி, அவித்து, கம்பியில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டிவிட்டால் புகையில் வாடி விறகு மாதிரி ஆகிவிடும். பிறகு மாதக் கணக்கிலும் இருக்கும்.

முதல் நாள் நான் பச்சை இறைச்சியைத்தான் தராசில் வைக்கப் போனேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"என்னா புள்ள செய்ற. பச்சையில நிறுத்தா முக்காவாசி தண்ணி. நூறு கிராமுன்னு நெனச்சு முப்பது கிராம் தின்னுக்கிட்டு இருப்ப. மிஸ்ஸி என்னா சொன்னாங்க, ரத்தம் கொறையக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல."

"அட்டையில அப்படி ஒன்னும் போடலியே."

"எதுக்குப் போடணும். எறைச்சின்னா எறைச்சிதான். தண்ணிய யாராச்சும் கணக்குல எடுப்பாங்களா."

இதை அவர் சொல்லாமல் வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் ஒரு வாக்குவாதம் பண்ணியிருப்பேன். ஆனால் அவருடைய உத்தியோகமே அதுதான். நாங்கள் வெட்டிக் கொண்டுபோகிற பாலை அவர் அப்படியே எடைபோட்டுக் கூலி எழுத மாட்டார். மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடிக் குழாய், அதைப் பாலுக்குள் மிதக்கவிட்டு, இதில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்தால் ரப்பர் எவ்வளவு என்று பார்த்து, காய்ந்த எடைக்குத்தான் கூலி. வாளியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிற ஆட்களை அவர் குழாயை விடும் முன்பே முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவார். தண்ணீருக்குச் சம்பளம் இல்லை என்பது எங்கள் லயத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே வாட்டிய இறைச்சியை நிறுத்தோம். பகலுக்கு நூறு, இரவுக்கு நூறு. நூறு வராவிட்டால் இன்னொரு துண்டைப் பிய்த்து வைப்பார். அட்டையில் போட்டிருந்த கலோரியைத் தலையிலேயே கூட்டி, "சரியா இருக்கு, ஒன்னு கூடல, ஒன்னு கொறையல" என்பார். வாட்டிய இறைச்சியை மென்று மென்று எனக்குத் தாடை வலிக்கும். சோறு கொஞ்சூண்டு. ரொட்டி இல்லை. பிளேன்டீக்குச் சீனி இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் தேங்காய் ரொட்டி சுடுகிற வாசம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன்.

சசி அப்போது நல்லாச் சிரிப்பான். "அக்கா, ஒன் கிட்னிய எனக்கு வச்சா நானும் ஒன்ன மாதிரி சண்டக்காரனாயிருவனா" என்பான். "ஆவ, மொதல்ல என்கூடத்தான் சண்ட போடுவ" என்பேன். அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வராது. இறைச்சி என்றால் உயிரை விடுவான், இப்போது அவனுக்கு அதிலும் கட்டுப்பாடு. ஆனால் அவனே வந்து உட்காருவான். "தின்னுக்கா, எனக்காகத்தானே திங்கிற" என்பான்.

முதல் மாதம் அரைக் கிலோ இறங்கியது. அதோடு சரி. அடுத்த மாதம் எண்பத்தைந்தரை. அதற்கடுத்த மாதம் எண்பத்தாறு. தராசு கெட்டுவிட்டதோ என்று மூக்கையா பாரக்கல்லை வைத்துப் பார்த்தார். தராசு சரியாக இருந்தது. நான் விடிந்தால் மலை ஏறி மரம் வெட்டுகிறவள், சும்மா உட்கார்ந்து திங்கிறவள் இல்லை. எங்கேயிருந்து வருகிறது இந்தச் சதை என்று என் கையையே கிள்ளிக்கொள்வேன்.

பேச்சு முதலில் பீலியடியில் கிளம்பியது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். பிறகு நிற்காமலே போனது. ஒருத்தி, "நிறுத்துத் திங்கிறது வீட்டுல, நிறுக்காமத் திங்கிறது மலையில" என்று என் காதுபடவே சொன்னாள். நான் குடத்தை வைத்துவிட்டு அவளைக் கேட்ட கேள்வியில் அவள் இரண்டு நாள் பீலிப் பக்கம் வரவில்லை. ஆனால் சொன்ன சொல் என் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

அம்மா எங்கள் காம்பராவிலேயே வந்து படுக்க ஆரம்பித்தாள். மகளுக்குத் துணையாம். சீனி டப்பாவைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். நான் வேலைக்குக் கிளம்பினால் பையைத் தடவுவாள். இருக்கட்டும், பார்த்துத் தெளியட்டும் என்று விட்டேன். அவள் கண் முன்னாலேயே நிறுத்து, அவள் கண் முன்னாலேயே தின்றேன். எடை இறங்கவில்லை. அவள் தெளியவும் இல்லை.

ஒரு நாள் சசிக்கு மெஷினில் பிரஷர் விழுந்து மயக்கத்தோடு கொண்டுவந்து போட்டார்கள். அவனைப் படுக்கவைத்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எங்கடி திங்கிற" என்றாள்.

"எங்கயும் திங்கலம்மா. ஒனக்கே தெரியும்."

"திங்காம ஒடம்பு எப்படி நிக்கும். காத்தக் குடிச்சா நிக்கும்? குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லு. பெத்த புள்ளையா இருந்தா குடுத்திருப்ப. தம்பிதானே. ஒனக்கு எப்படித் தெரியும் பெத்தவ வயிறு."

பிள்ளை இல்லாதவளிடம் இப்படிக் கேட்கலாமா. கேட்டவள் என்னைப் பெற்றவள். மூக்கையாதான், "அத்தை, நான் நிறுத்துக் குடுக்குறேன், எனக்குத் தெரியாமலா" என்றார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் சசி சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் இஸ்தோப்புக்கு வந்தான். அம்மா வீட்டிலிருந்து நாலு காம்பராத் தூரத்துக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, பயமா இருந்தா சொல்லிடுக்கா. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒடம்ப வெட்டுறதுன்னா யாருக்கும் பயமாத்தான் இருக்கும்."

"யாருக்குடா பயம்?"

"இல்லக்கா, நான் சும்மா சொன்னேன். நீ இப்படி எல்லாரு முன்னாலயும் தராசுல ஏறி அவமானப்பட வேணாம். விட்டுரலாம்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் மேல் இரக்கப்பட்டு, என்னை மன்னித்துச் சொன்னான். செய்யாத துரோகத்துக்கு மன்னிப்பு வாங்குவது போல ஒரு கொடுமை இந்த உலகத்தில் இல்லை. "போடா இங்கேருந்து" என்று கத்தினேன். அவன் எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனான். பின்னாலேயே ஓடிப்போய்ச் சோறு ஊட்டினேன். அவனும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நான் தனியாகத்தான் கொழும்புக்குப் போனேன். சசிக்கு அன்று மெஷின் நாள், மூக்கையா அவனோடு போயிருந்தார். டாக்டர் எடையைப் பார்த்தார். "பர அடு வெலா நே, நங்கி" என்றார். குறையவில்லையே என்று மட்டும்தான் சொன்னார், திட்டவில்லை. நூரியா மிஸ்ஸியைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ பேசினார். மிஸ்ஸி என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மனசத் தொறந்து செல்லுங்க அக்கா. ஒங்களுக்கு விருப்பமில்லாட்டி நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம். ஒடம்பு சரிவராதுன்னு டாக்டரே வீட்டாளுகளுக்குச் செல்லிடுவாரு. உள்ள விசயம் யாருக்கும் தெரிய வராது. இப்புடி எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கோம்."

இங்கேயும் அதுதானா. "விருப்பம் இல்லன்னு எவ மிஸ்ஸி சொன்னா" என்று சத்தமாகக் கேட்டேன். பிறகு அழுதேன். அவள் தண்ணீர் தந்தாள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று மூக்கையா கட்டிக்கொடுத்திருந்த பார்சலைக் காட்டினேன். "பாருங்க மிஸ்ஸி, பிரயாணத்துலயும் நிறுத்துத்தான் கொண்டாறேன். நூறு கிராம். ஒரு துண்டுகூட அதிகமில்ல."

மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள். கையை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். அது என்ன இறைச்சி என்று நான் இத்தனை மாதமும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு முஸ்லிம் பெண்ணின் முகத்துக்கு நேரே பன்றி என்று எப்படிச் சொல்வது என்று வெறுமனே இறைச்சி என்றுதான் சொல்லிவந்தேன். அவளும் வெறுமனே எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் நிறுத்திக்கொண்டது அதற்காக இல்லை.

"இது ஏன் இப்புடிக் காஞ்சு ஈக்கி?"

"வாட்டினது மிஸ்ஸி. காட்டுப்பன்றி. தப்பா நெனச்சுக்காதீங்க. ஃபிரிட்ஜ் இல்ல, அதனால பொகையில போட்டு வைக்கிறது."

"அத விடுங்க. நிறுத்தது எப்ப? பச்சையாவா, வாட்டின பொறகா?"

"வாட்டின பொறகுதான். பச்சையில தண்ணி இருக்குமே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, ஒரு கிலோ பச்ச எறைச்சிய இப்புடி வாட்டினா எவ்வளவு மிஞ்சும்?"

"முன்னூறு. கொஞ்சம் கூடவும் வரும்."

"போன எழுநூறு என்னது?"

"தண்ணி."

"தண்ணியில கலோரி இல்ல. அப்ப ஒரு கிலோ எறைச்சியில ஈந்த கலோரி எல்லாம் எங்க ஈக்கிது?"

நான் என் மடியில் இருந்த பார்சலைப் பார்த்தேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்டையில் இருந்த எடை பச்சை இறைச்சியின் எடை. நான் நூறு என்று தின்றதெல்லாம் முந்நூறுக்கு மேல். பகலும் இரவும், தாடை வலிக்க வலிக்க, மூன்று பங்கு தின்றிருக்கிறேன். அவித்த இறைச்சியில்கூட அவ்வளவு வித்தியாசம் வந்திருக்காதாம், கால்வாசிதான் கூடியிருக்குமாம். வாட்டியதால்தான் இவ்வளவு. உப்பு வேறு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்ததாம். மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அட்டையில பச்சைன்னு ஒரு வார்த்த போட்டிருக்கலாம், நானாச்சும் கேட்டிருக்கலாம்" என்று அவளும் அழுதாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடச்சி, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். நான் திருடித் தின்னவில்லை. என் உடம்பு துரோகம் பண்ணவில்லை. இனி பச்சையாக நிறுத்தால் சதை இறங்கும், இரண்டு மூன்று மாதத்தில் தேதி கிடைக்கும். அவிசாவளையில் பஸ் மாறும்போது சசிக்கு ஒரு ஆப்பிள் வாங்கலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் மூக்கையாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். திரும்பவும் சொல்லச் சொன்னார். பிறகு அடுப்படிக்குப் போய், கம்பியில் தொங்கிய இறைச்சியை அப்படியே இழுத்தெடுத்து, வாசலில் ஓடுகிற சாக்கடைக் கானில் வீசிவிட்டு, கானோரத்திலேயே குந்தினார்.

"நீ பலவீனமாயிருவியோன்னுதான் புள்ள" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். பொட்டுக்கூட வரவில்லை. இனிச் சரியாகிவிடும் என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"சுண்டிப் போனது கொறையுமாடி, கூடுமா? முன்னூறு, நூறாப் போச்சுன்னா நூறுதானே தின்ன. என்னய என்னா, ஒன்னும் தெரியாதவன்னு நெனச்சியா?"

நான் விளக்கினேன். மூக்கையா ஒரு ஈர்க்குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டு விளக்கினார். ரப்பரை உதாரணம் காட்டினார். அம்மாவும் நாற்பது வருஷம் பால் வெட்டியவள், தண்ணீருக்குச் சம்பளம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். "அதத்தான் நானும் சொல்றேன். காஞ்ச எடைதான் நெச எடை. அத நிறுத்துத் தின்னவளுக்கு எடை ஏன் எறங்கல" என்றாள். மூக்கையா ஈர்க்குச்சியைப் போட்டுவிட்டு எழும்பினார்.

பச்சையாக நிறுக்கத் தொடங்கியதும் சதை இறங்கியது, மெழுகு உருகுவது மாதிரி. இரண்டாவது சனிக்கிழமையே எண்பத்துமூன்று. தராசடியில் நின்ற பெண்களிடம் அம்மா வந்து, "புடிபட்டதும் எறங்குது பாத்தீங்களா" என்று சொன்னாளாம்.

எண்பதுக்கு இறங்கிய வாரம் சசிக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்தில் மெஷினுக்காகப் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. இப்படி வருவது உண்டாம். டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். டாக்டர்கள் எதையும் குறைத்துச் செய்யவில்லை. இந்த நிலைமையில் ஆபரேஷன் நினைக்கவே முடியாது, முதலில் காய்ச்சல் இறங்கட்டும் என்றார்கள். என் எடை இறங்கியது, அவன் காய்ச்சல் இறங்கவில்லை.

நான் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை இறைச்சி, வாட்டிய இறைச்சி, மிஸ்ஸி கேட்ட கேள்வி, எல்லாம். நான் பயப்படவில்லை, ஒரு நாளும் பயப்படவில்லை என்று சொன்னேன். இப்போது எண்பதுதான், இன்னும் அஞ்சே கிலோ என்று சொன்னேன். அவன் கண் பாதி மூடியிருந்தது. உதடு வெடித்துப்போயிருந்தது.

"கேட்டதாடா?"

"சரிக்கா" என்றான்.

நம்பித்தான் சொன்னானா, நான் வாயை மூட வேண்டும் என்று சொன்னானா. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நானும் எத்தனையோ தடவை அந்தச் சொல்லை அவன் குரலிலேயே நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை அப்படிக் கேட்கிறது, ஒரு தடவை இப்படிக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை விடியும்போது என் தம்பி போய்விட்டான்.

கருமாதிக்கு மறுநாள் கவிச்சி சமைப்பது எங்கள் வழக்கம். அம்மா தன் கையாலேயே கோழி வாங்கி, தானே அறுத்து, தானே சமைத்தாள். யாரையும் கிட்டே விடவில்லை. அவன் படத்துக்கு முன்னால் முதலில் வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டு வந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினாறு நாளும் நான் என்ன தின்றேன் என்று எனக்குத் தெரியாது. இரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது, ஊக்கு குத்தியிருந்தேன். அம்மா என் முன்னால் வந்ததும் சட்டியோடு நின்றாள். அந்த ஊக்கைப் பார்த்தாள்.

"இப்ப எறங்கிருச்சு" என்றாள்.

மூக்கையா இலையை விட்டு எழும்பினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அத்தை, அவ மேல ஒரு தப்பும் இல்ல. நிறுத்துக் குடுத்தது நான். பச்சையில நிறுக்க வேண்டியத வாட்டி நிறுத்தது நான். தம்பியக் கொன்னது நான்தான்" என்றார். எச்சில் கையோடு நின்று ஒரு ஆம்பிளை அப்படி அழுததை எங்கள் லயத்தில் யாரும் பார்த்ததில்லை.

அம்மா அவரைப் பரிவோடுதான் பார்த்தாள். "நல்ல மாப்ள" என்றாள் பக்கத்தில் இருந்தவர்களிடம். "எந்த எடத்துலயும் பொண்டாட்டிய விட்டுக் குடுக்க மாட்டாரு."

பிறகு குனிந்து, சட்டிக்குள் அகப்பையை ஆழ விட்டு, கோழியை அள்ளி என் இலையில் போட்டாள். இன்னொரு அகப்பையும் போட்டாள். சோறு தெரியாத அளவுக்குப் போட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் என் இலையில் சொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை.

"தின்னு. இனி யாருக்காக நிறுக்கணும்."

சாப்பிட மாட்டேன் என்று எழும்பினால் அவனுக்கு வைத்த சாப்பாட்டைத் தள்ளியவள் ஆவேன். சாப்பிட்டால் அவர்கள் நினைத்தது சரி என்று ஆகும். அம்மா நகராமல் நின்றாள். நான் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இலையில் இருந்த அவ்வளவையும் தின்றேன்.